ஈர்க்கும் களிமண்ணும்

கல்லென்றால் இடைவெளியற்ற வஸ்து என்றே நம் பிள்ளைகள் எண்ணுகின்றனர். சூடேற்றியதும் நீராவி கக்கி நுரைக்கும் கல்லொன்றை 1756-ல் ஸ்வீடன் தேசத்துக் க்ரான்ஸ்டெட் ஆராய்ந்து, ‘கொதிக்கும் கல்’ எனப் பொருள்படும் ‘ஸியோலைட்’ என்னும் பெயரை இட்டார். நமது தக்காணத்துக் கரும்பாறைகளில், புனா, நாசிக் பிரதேசங்களில், அது மிகுதியாய்க் கிடைக்கிறது. அதனுள் அணுக்கள் கூடுகூடாய் அமைந்திருக்கின்றன. தண்ணீர் தங்குவது அக்கூடுகளில்தான்.

இதைப் படத்தில் காட்டி விளக்குவது அரிது. போளூரிலும் ஜவ்வாது மலைக் கிராமங்களிலும் உள்ள உபாத்தியாயர்கள் விலையுயர்ந்த கருவிகளுக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. 24 களிமண் உருண்டைகளும், சமநீளமுள்ள 36 ஈர்க்குத் துண்டுகளும் போதும். ஒவ்வோர் உருண்டையிலும் ஒரு சதுரமும் இரண்டு அறுகோணங்களும் கூடும்படி இணைத்தால், 6 சதுரங்களும் 8 அறுகோணங்களும் உள்ள கூடு உருவாகும். உருண்டைகள் சிலிகன், அலுமினிய அணுக்கள்; ஒவ்வோர் ஈர்க்கின் நடுவிலும் ஒரு பிராணவாயு அணு இருப்பதாகக் கொள்ளலாம். சலவைத் தூளில் சேர்ந்து, உப்புநீரின் கால்ஸியத்தை வாங்கிக்கொண்டு ஸோடியத்தைக் கொடுக்கும் ‘ஏ’ ரக ஸியோலைட்டுக்கு இக்கூடே அடிப்படை.

1954-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் புரதத்தின் முச்சுருளை உலகுக்கு உணர்த்தியபோது, உருண்டையும் கம்பியுமான மாதிரிகளே அவர்களுக்குத் துணை நின்றன. மேதைகளுக்கு உதவிய வழி மலையூர்ச் சிறுவனுக்கு உதவாதா? மனப்பாடம் பரீட்சையோடு மறையும். கையால் கட்டியது அறிவில் நிலைக்கும் என்பதே நமது துணிபு.