காருக்குப் போட்ட புள்ளிக் கோலம்!

'கார் வாங்கினா கறுப்பு கலர்ல மட்டும் வாங்காதே' என்று எதிர்வீட்டு ரிடையர்டு மாமா சொன்னபோது, பொறாமையில் சொல்கிறார் என்று நினைத்தேன். மனுஷர் தீர்க்கதரிசி!

செகண்ட் ஹாண்ட்தான். ஐந்து வருஷ இ.எம்.ஐ. ஆனாலும் கன்னங்கரேல் என்று, பானெட்டில் முகம் பார்த்துத் தலை வாரிக் கொள்ளலாம் போல ஒரு பளபளப்பு. (வாருவதற்கு எனக்கு அதிகம் மிச்சமில்லை என்பது வேறு விஷயம்!) மச்சினன் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு, "நம்ம மாப்ளே கார் இருக்கும்போது வாடகைக் கார் எதுக்கு?" என்றார் மாமனார். எட்டு வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி. விடுவேனா?

அன்றைக்குப் பதினோரு மணிக்கு, மே மாச வெயிலில், ஹோஸைப் பிடித்து போர்வெல் தண்ணீரால் காருக்கு அபிஷேகமே செய்தேன். 'தானாகக் காயட்டும்' என்று காபி குடிக்க உள்ளே போனேன். திரும்பி வந்தால், பகீர்! பானெட், கூரை, கதவு எல்லா இடத்திலும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். மார்கழியில் கோலம் போட உட்கார்ந்து, புள்ளி வைத்ததோடு எழுந்து போன மாதிரி! துடைத்தேன். போகவில்லை. மறுபடி கழுவினேன். புள்ளிக்குப் பக்கத்தில் புதுசாகப் புள்ளி.

சாயங்காலம் மண்டப வாசலில், சீரியல் செட் வெளிச்சத்தில் மாமனார் காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். "என்ன மாப்ளே, கழுவ நேரமில்லையோ?"

ரெண்டு மணி நேரம் கழுவினேன் சார், ரெண்டு மணி நேரம்!

மர்மத்தை உடைத்தது அம்மா. "ஏண்டா, வெந்நீர் அண்டாவுக்கு அடியில வெள்ளையாப் படியுதே, அதுதாண்டா இது!"

அதேதான். எங்கள் மடிப்பாக்கம் போர்வெல் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்து கிடக்கின்றன. தண்ணீர் ஆவியாகப் போய்விடும், உப்பு போகாது. எங்கே சொட்டு நின்றதோ அங்கேயே வெள்ளையாகக் குடியேறிவிடும். வெள்ளைக் காரிலும் இதே புள்ளி விழுகிறது, ஆனால் கண்ணுக்குத் தெரிவதில்லை. கறுப்புக் கார் ஒளிவு மறைவு இல்லாத ஜாதி! போதாததற்கு வெயிலில் சீக்கிரம் சுடும். சுட்ட தகரத்தில் சொட்டும் சீக்கிரம் காயும்.

அடுத்த ஞாயிறு என் மனைவி ஒரு ஐடியா கொடுத்தாள். "ஏங்க, ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளற தண்ணி வீணாப் போகுதே, அதுல கழுவுங்களேன்." சிக்கனம்! கழுவினேன். கோலம் இன்னும் அடர்த்தியானது. பிற்பாடு யோசித்தால் நியாயம்தான். மெஷின் நல்ல தண்ணீரை நமக்குக் கொடுத்துவிட்டு, அந்த உப்பையெல்லாம் சேர்த்து வெளியே தள்ளுகிறது. பாத்ரூம் கழுவலாம், வாசல் தெளிக்கலாம். கறுப்புக் காருக்கு அது விஷம்.

ரோஷம் வந்து டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கிவிட்டேன். பேனா சைஸ்தான், தண்ணீரில் கரைந்திருக்கும் சமாசாரத்தைக் காட்டும். குடிதண்ணீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை என்பது இந்திய தர நிர்ணயக் கணக்கு. எங்கள் போர்வெல் 1100! ஆர்.ஓ. கழிவு 1500! வீட்டில் இருந்த பாத்திரம் ஒன்றையும் விடாமல் மீட்டரை முக்கிக்கொண்டே போனேன். (ரசத்தில் முக்கியபோது மட்டும் அடி விழுந்தது.) கடைசியாக, பால்கனியில் ஏ.சி. குழாய் சொட்டும் பக்கெட்டில் வைத்தேன். வெறும் 14!

காற்றில் இருக்கும் ஈரம்தானே குளிர்ந்து சொட்டுகிறது? அதில் உப்பு எப்படி வரும்? சென்னைப் புழுக்கத்துக்கு ஒரு ராத்திரியில் அரை பக்கெட்டாவது தேறுகிறது. தூசி இருக்கும், மெல்லிய துணியில் வடிகட்டினால் போதும். குடிக்கத்தான் கூடாது, கார் தாராளமாகக் குளிக்கலாம்.

இப்போது என் முறை இதுதான். காலை ஆறரை மணி, நிழல், தொட்டால் பானெட் சில்லென்று இருக்க வேண்டும். ரெண்டு பக்கெட்: ஒன்றில் கார் ஷாம்பூ, மற்றதில் துணியை அலச வெறும் தண்ணீர். (பாத்திரம் தேய்க்கும் சோப்பு வேண்டாம், மெழுகுப் பூச்சை எடுத்துவிடும்.) முதலில் தண்ணீர் விட்டு மண்ணைப் போக்கிவிட்டு, கூரையிலிருந்து கீழ்நோக்கி, ஒவ்வொரு பகுதியாகத் தேய்த்து உடனே அலசல். எந்த இடமும் நடுவில் காயக் கூடாது. கடைசியாக ஏ.சி. தண்ணீரைச் சொம்பில் மொண்டு மேலிருந்து மெதுவாக வழிய விட்டால், பழைய சொட்டுகளையும் கூட்டிக்கொண்டு இறங்கும். உடனே மைக்ரோ ஃபைபர் டவலை விரித்து ஒற்றி எடுப்பேன். பழைய பனியனால் அழுத்தித் தேய்த்தால் புள்ளி போய்க் கீறல் வரும். சைடு மிரர் இடுக்கிலும் கதவுக் கைப்பிடியிலும் தண்ணீர் ஒளிந்திருந்து, எல்லாம் முடிந்த பிறகு அழும். தெருவில் ஒரு ரவுண்டு போய் வந்து அந்தக் கண்ணீரையும் துடைத்துவிட வேண்டும்.

ஏற்கெனவே படிந்த புள்ளிக்கு அம்மா புளியோடு வந்தார், அண்டா தேய்க்கிற அனுபவத்தில்! தடுத்து நிறுத்தினேன். தத்துவம் சரிதான், புளிப்புதான் மருந்து. ஆனால் வெள்ளை வினிகரில் சரிபாதி ஏ.சி. தண்ணீர் கலந்து, நிழலில், மெல்லிய துணியில் நனைத்து ஒரு நிமிஷம் ஒற்றி, நன்றாக அலசிவிட வேண்டும். வெயிலில் பல நாள் ஊறிப் பெயின்ட்டையே அரித்துவிட்ட புள்ளிக்கு இது கேட்காது. பாலிஷ் போடுகிறவரிடம்தான் போக வேண்டும்.

அம்மாவுக்கு இன்னொரு திருப்தி, ஹோஸ் மூட்டை கட்டப்பட்டது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வறண்டு கிடந்தபோது, ராத்திரி ரெண்டு மணிக்குக் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றவர் அவர். நான் ஹோஸ் பிடித்த அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். புள்ளி மாதிரி அதுவும் துடைத்தால் போகாத பார்வை. இப்போது ரெண்டு பக்கெட், அரை பக்கெட் ஏ.சி. தண்ணீர், அவ்வளவுதான்.

போன மாசம் மாமனார் வந்தார். காரை ஒரு சுற்று சுற்றினார். ஒன்றும் பேசவில்லை. பாக்கெட்டிலிருந்து சீப்பை எடுத்து, பானெட்டில் பார்த்துத் தலை வாரிக் கொண்டார்!

எனக்கு நெஞ்சு விம்மியது. மனைவிதான் கரண்ட் பில்லைப் பார்த்துக் கொண்டே கேட்டாள்:

"ஏங்க... ராத்திரியெல்லாம் ஏ.சி. ஓடறது நமக்கா, காருக்கா?"