வெந்நீருக்கு வெயில் போதுமே!



மார்கழி பிறந்துவிட்டால் போதும். வாசலில் கோலம் போட்டுவிட்டு உள்ளே நுழைவதற்குள், "அம்மா, வெந்நீர்!" என்று மூலைக்கொரு குரல் கிளம்பிவிடும். முன்பெல்லாம் கொல்லையில் வெந்நீர் அடுப்பு இருந்தது. தேங்காய் மட்டையும் சிரட்டையும் போட்டால் தாமிர பாய்லரில் தண்ணீர் தளதளக்கும். இன்று கொல்லையும் இல்லை, மட்டையும் இல்லை. சுவிட்சைத் தட்டினால் வெந்நீர். சௌகரியம்தான். ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் கரண்ட் பில் வரும்போதுதான் கை சுடுகிறது!

"ஒரு வாளி தண்ணிக்கு எவ்வளவுக்கா ஆயிடப் போகுது?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். கணக்குப் போட்டுப் பார்ப்போமா? 20 லிட்டர் வாளித் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 42 டிகிரிக்குச் சுட வைக்க ஏறக்குறைய 0.4 யூனிட் வேண்டும். வீட்டில் நாலு பேர் என்றால் நாளைக்கு 1.6 யூனிட். இரண்டு மாதத்தில் 96 யூனிட்! 2016-ல் தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இலவசமாக்கினார்களே, அந்த 100 யூனிட் கிட்டத்தட்ட குளியலறையிலேயே கரைந்துவிடுகிறது. போதாததற்கு, யூனிட் ஏற ஏறக் கட்டண விகிதமும் ஏறும். உங்கள் வீட்டுக் கணக்கைத் தெரிந்துகொள்ள ஒரு சுலப வழி உண்டு. கீசர் போட்டு ஒரு வாரம், போடாமல் ஒரு வாரம் மீட்டரைக் குறித்து வையுங்கள். விஷயம் விளங்கிவிடும்.

சொந்த வீடும் மொட்டை மாடியும் இருப்பவர்கள் சூரிய வெந்நீர் சாதனம் வைக்கலாம். மூன்று நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு 100 லிட்டர் போதும். இதில் மோட்டாரும் கிடையாது, மாயமும் கிடையாது. சூடான தண்ணீர் இலேசாகி மேலே ஏறும். குளிர்ந்தது கீழே இறங்கும். அதனால்தான் தொட்டி மேலேயும் வெயில் வாங்கும் குழாய்கள் கீழேயும் இருக்கின்றன. குழாய் செம்பிலும் உண்டு, கண்ணாடியிலும் உண்டு. உப்புத் தண்ணீர் வரும் போர் உள்ள வீடுகளில் மெல்லிய செம்புக் குழாய்கள் உப்புப் படிந்து சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அங்கே கண்ணாடிக் குழாய் வகையே மேல்.

கடைக்காரர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டாமல், சில வேலைகளை நாமே முன்னின்று செய்தால் பணம் மிச்சமாகும்.

இடம் பார்ப்பது நம் வேலை. சாதனம் தெற்குப் பார்த்து நிற்க வேண்டும். காலை 9 மணியிலிருந்து மாலை 3 மணி வரை நிழல் விழக் கூடாது. இதைச் சித்திரையில் பார்த்து ஏமாறாதீர்கள். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்; தென்பக்கத்து வீட்டின் நிழல் நீண்டு வந்து விழும். தண்ணீரோடு சேர்த்து 100 கிலோவுக்கு மேல் கனம் என்பதால் ஓட்டுக் கூரை, தகரக் கூரை ஆகாது. புயல் காற்றுக்கு அசையாதபடி கால்களை போல்ட் போட்டு இறுக்கச் சொல்லுங்கள்.

குழாய் வாங்குவதும் நம் வேலைதான். சாதாரண பி.வி.சி. குழாய் வெந்நீருக்கு இளகிவிடும். சி.பி.வி.சி. என்று கேட்டு வாங்குங்கள். தொட்டியிலிருந்து குளியலறைக்கு எவ்வளவு கிட்டேயோ அவ்வளவு நல்லது. அரை அங்குலக் குழாய் 15 மீட்டர் ஓடினால், அதற்குள் ஆறிக் கிடக்கும் 2 லிட்டர் தண்ணீர் வந்த பிறகுதான் சுடுநீர் வரும். குழாயைச் சுற்றி உறை போடுவதை நாமே ஒரு மத்தியானத்தில் முடித்துவிடலாம்.

கவனிக்க வேண்டியவை மூன்று. பச்சைத் தண்ணீர்த் தொட்டி சூரியத் தொட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ஆவி போக மேலே நிற்கும் சிறு குழாயை, பல்லி விழும் என்று அடைத்துவிடக் கூடாது. முதல் தடவை தண்ணீர் நிரப்புவது விடிகாலையிலோ பொழுது சாய்ந்த பிறகோதான். உச்சி வெயிலில் காய்ந்த கண்ணாடிக் குழாயில் பச்சைத் தண்ணீர் பட்டால் படீரென்று வெடித்துவிடும்.

அப்புறம் பராமரிப்பு. பதினைந்து நாளைக்கு ஒரு தரம் காலையில் ஈரத் துணியால் தூசி துடைத்தால் போதும். ஐப்பசி அடைமழைக்கென்று உள்ளே மின் கம்பி வைத்துத் தருவார்கள். தேவையான அன்று மட்டும் போட்டு அணையுங்கள். எப்போதும் போட்டே வைத்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போய்விடும். அதன் வயரிங், எர்த் வேலைகளில் மட்டும் சிக்கனம் வேண்டாம். உரிமம் உள்ள எலெக்ட்ரீஷியனையே கூப்பிடுங்கள்.

வாடகை வீடு என்றால்? நம் பாட்டிமார் வழி இருக்கவே இருக்கிறது. முற்றத்தில் தவலைத் தண்ணீர் வெயிலில் காயும். சாயங்காலம் குழந்தையைக் குளிப்பாட்ட அதுவே போதும். கறுப்பு நிறப் பாத்திரமானால் சூட்டை இன்னும் நன்றாக வாங்கும். பத்து மணிக்கு மூடி வைத்து, மூன்று மணிக்குக் கனத்த துணியால் போர்த்திவிடுங்கள்.

காசைவிடப் பெரிய விஷயம் ஒன்று. கேஸ் கீசரைக் காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் மாட்டவே மாட்டாதீர்கள். அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு, மயக்கம், அதன்பின் உயிருக்கே ஆபத்து. குளிக்கப் போனவர் வெகுநேரம் வராவிட்டால் உடனே கதவைத் தட்டுங்கள். வாளியில் போடும் ஹீட்டர் கம்பியா? பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரில் விரல் வைக்க வேண்டும்.

சூரியத் தொட்டித் தண்ணீர் 60 டிகிரிக்கு மேலும் கொதிக்கும். குழந்தையின் தோல் சில விநாடிகளில் வெந்துபோகும். ஆகவே வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகுதான் வெந்நீர். முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே குழந்தையை உட்கார வையுங்கள். தப்பித் தவறிப் பட்டுவிட்டால் 20 நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை, மை, வெண்ணெய் எதுவும் தடவாதீர்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள், உடனே டாக்டரிடம் போங்கள்.

சிக்கனம் என்பது குளிர்ந்த தண்ணீரில் நடுங்கிக் குளிப்பது அல்ல. தலைக்கு மேலே சும்மா கொட்டுகிற வெயிலை வாளிக்குள் இறக்கிக்கொள்வதுதான். இந்த மார்கழியிலேயே மாடிக்குப் போய் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்து வையுங்களேன்!