பலகையில் தமிழ் இருந்தால் போதுமா? – காத்தோங்கில் கிடைத்த விடை

சென்ற பள்ளி விடுமுறையில் மூன்று நாள் சிங்கப்பூர் சென்று வந்தேன். தனியாகத்தான் சென்றேன். "தனியாகவா?" என்று வீட்டில் வியந்தார்கள். ஜொகூர் பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூர். பலமுறை சென்ற ஊர்தான். ஆனால், ஒவ்வொரு முறையும் மாணவர்களோடோ குடும்பத்தோடோ சென்றதால் தலைகளை எண்ணிக்கொண்டே நடந்ததுதான் மிச்சம். ஊரை நின்று நிதானமாகப் பார்த்ததில்லை. இம்முறை பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, தந்தை ஒருவர் பள்ளிக்கு வந்து என்னைச் சந்தித்தார். அவருடைய மூத்த மகன் எங்கள் பள்ளி மாணவன். இளைய மகளை வேறு பள்ளியில் முதலாம் ஆண்டில் சேர்க்கப் போவதாகச் சொன்னார்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. சிங்கப்பூரைப் பாருங்க. அங்க தமிழ்ப்பள்ளியே இல்ல. ஆனா, எங்க பார்த்தாலும் தமிழ் இருக்கு. அப்புறம் தமிழ் வாழ்றதுக்குத் தமிழ்ப்பள்ளி கட்டாயம் வேணுமா?"

அவர் கேட்ட முறையில் பணிவு இருந்தது. கேள்வியிலும் நியாயம் இருப்பதாகவே தோன்றியது. என்னால் உடனே மறுமொழி கூற இயலவில்லை. அதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்கிறேன். எனக்குக் கிடைத்த விடையைப் பெற்றோர்களோடும் ஆசிரிய நண்பர்களோடும் பகிர்ந்துகொள்ளவே இந்தப் பதிவு.

முதல் நாள் முழுவதும் சிராங்கூன் சாலையிலும் தேக்காவிலும் கழிந்தது. வீரமாகாளியம்மன் கோயில், சீனிவாசப் பெருமாள் கோயில், 2015ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் எல்லாம் நம்மவர் பலரும் அறிந்த இடங்களே. பூக்கடை, மளிகைக்கடை, உணவகம் எங்கும் தமிழ் ஒலித்தது. அதில் வியப்பில்லை. அது தமிழர் கூடும் இடம்.

என்னை வியக்க வைத்தவை தொடர்வண்டி நிலையங்கள்தாம். தனியாகச் செல்பவருக்கு வழித்துணை அறிவிப்புப் பலகைதான். நிலையத்தின் பெயர் ஆங்கிலத்திலும் சீனத்திலும் இருக்க, அவற்றோடு தமிழிலும் இருக்கிறது. தமிழர் மிகுதியாக வாழும் இடம், வாழாத இடம் என்ற பாகுபாடும் இல்லை. 1965இல் தனி நாடானபோது மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழையும் ஆட்சிமொழியாக ஏற்ற நாடு அது. நம் நாட்டிலோ ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பொது இடத்துப் பலகைகளில் தமிழைத் தேடித்தான் காண வேண்டியுள்ளது. அந்தத் தந்தை சொன்னது சரிதானோ என்று அன்றிரவு எண்ணினேன்.

இரண்டாம் நாள் காத்தோங் சென்றேன். சுற்றுலாப் பயணியர் பலர் மெரினா பே பக்கமே நின்றுவிடுவார்கள். நான் காத்தோங்கைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அங்குள்ள செண்பக விநாயகர் ஆலயம். லிட்டில் இந்தியா நிலையத்தில் ஏறி, ஸ்டீவன்ஸ் நிலையத்தில் வண்டி மாறி, மரின் பரேட் நிலையத்தில் இறங்கினேன். அது 2024 ஜூன் மாதம் திறக்கப்பட்ட புதிய நிலையம். அங்கும் தமிழ் எழுத்து வரவேற்றது.

நிலையத்திலிருந்து சற்று நடந்தால் ஈஸ்ட் கோஸ்ட் சாலை, அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலை. அங்கே நின்று கடலைத் தேடினேன். கடல் இல்லை! ஒரு காலத்தில் காத்தோங் கடற்கரை ஊர். செல்வந்தர்கள் கடலை நோக்கி மாளிகை கட்டி வாழ்ந்த இடம். 1966இல் தொடங்கிய கடல் தூர்ப்புப் பணியால் கரை தெற்கே தள்ளிப் போய்விட்டது. இன்று கடலைப் பார்க்க அடுக்குமாடி வீடுகளையும் விரைவுச்சாலையையும் கடந்து செல்ல வேண்டும். சாலையின் பெயர் மட்டும் பழையபடியே இருக்கிறது.

சிலோன் சாலையில் இருக்கிறது செண்பக விநாயகர் ஆலயம். 1850களில் இங்கு ஒரு குளக்கரையில் செண்பக மரத்தடியில் விநாயகர் சிலை கண்டெடுக்கப்பட்டு வழிபாடு தொடங்கியதாகக் கூறுவர். சிங்கப்பூர் இலங்கைத் தமிழர் சங்கம் இவ்வாலயத்தை நிர்வகித்து வருகிறது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு இலக்காகி, பின்னர்ப் புதுப்பிக்கப்பட்டு, 2003இல் குடமுழுக்குக் கண்ட கோயில். நான்கு கருங்கல் தூண்களில் விநாயகரின் 32 வடிவங்களையும் செதுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வலம் வந்தேன். அவசரப்படுத்த உடன் யாரும் இல்லாதது எவ்வளவு நன்மை!

வெளியே வரும்போது எட்டு ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் தாயோடு நின்றிருந்தான். ஆசிரியர் பழக்கம் விடுமா? பெயரைக் கேட்டேன், சொன்னான். 'காலணிகளை இங்கே வைக்கவும்' என்று எழுதியிருந்ததைக் காட்டி, "படி பார்க்கலாம், தம்பி" என்றேன். எழுத்துக்கூட்டி, பிழையின்றிப் படித்தான். எனக்கு மகிழ்ச்சி. ளகர உச்சரிப்பும் சரியாக இருந்தது. "நல்லாப் படிச்ச. காலணின்னா என்ன?" என்றேன். அவன் தாயின் முகத்தைப் பார்த்தான். அவர் ஆங்கிலத்தில் விளக்கினார். அவன் ஆங்கிலத்தில் ஏதோ மறுகேள்வி கேட்டான். அவரும் ஆங்கிலத்திலேயே மறுமொழி சொன்னார்.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். 'காலணி' என்ற சொல் என் வகுப்பிலும் பலருக்குப் புதிதுதான். அவர்களுக்கு அது 'சிலிப்பர்'. ஆனால், என் மாணவனுக்கு நான் அதைத் தமிழிலேயே விளக்குவேன். "அப்படின்னா பூட்ஸும் காலணியா டீச்சர்?" என்று அவன் தமிழிலேயே திருப்பிக் கேட்பான். அந்த மறுகேள்விதான் வேறுபாடு. எழுத்தைப் படிப்பது ஒன்று. ஐயம் வரும்போது அந்த மொழியில் கேட்பது மற்றொன்று.

இதைக் கவனித்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், "எங்கயிருந்து வாறீங்கள் பிள்ளை?" என்று வினவினார். ஜொகூர் என்றும், தமிழ்ப்பள்ளி ஆசிரியர் என்றும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "எங்கட காலத்தில பள்ளிக்கூடத்தில இங்கிலீஷ், வீட்டில தமிழ். இப்ப ரெண்டு இடத்திலயும் இங்கிலீஷ்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இதையே காட்டுகிறது. வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காட்டினர் மட்டுமே.

சிங்கப்பூரில் தமிழ்ப்பள்ளிகள் இல்லாமலா இருந்தன? இருந்தன. கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி 1960இல் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. மாணவர் வரவு குறைந்து 1982இல் மூடப்பட்டது. இன்று அப்பெயர் ஒரு தமிழ்மொழி நிலையத்துக்கு இருக்கிறது. அந்நிலையம் நற்பணி ஆற்றுகிறது. ஆனால், அங்கே தமிழ் ஒரு பாடம். கணிதத்தையும் அறிவியலையும் தமிழில் கற்ற வகுப்பறை போய்விட்டது.

கோயிலிலிருந்து ஜூ சியாட் பக்கம் நடந்தேன். கூன் செங் சாலையில் பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் என்று வண்ண வண்ண வீடுகள். பாபா நியோன்யா எனப்படும் பெரானாக்கான் சீனர்களின் மரபைச் சொல்பவை. படமெடுக்க வரிசையே நின்றது. பகலுணவுக்குப் புகழ்பெற்ற காத்தோங் லக்சா. நூலை நறுக்கிப் போட்டிருப்பதால் கரண்டியாலேயே உண்ணலாம். சுவையில் குறையில்லை.

உண்டுகொண்டிருந்தபோது ஓர் எண்ணம் எழுந்தது. இம்மக்களின் முன்னோர் சீனம் பேசியவர்கள். இங்கு வந்து நிலைத்தபின் மலாய் கலந்த பாபா மொழியே வீட்டு மொழியானது. இன்று அந்தப் பாபா மொழியைப் பேசுவோரும் மிகச் சிலரே. ஆனால், லக்சா இருக்கிறது; வண்ண வீடு இருக்கிறது; கெபாயா உடை 2024இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலிலும் இடம்பெற்றுவிட்டது. உணவும் உடையும் நின்றன, மொழி நிற்கவில்லை.

தொலைவில் போவானேன்? நம் மலாக்காச் செட்டிகளைப் பாருங்கள். மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வணிகம் செய்ய வந்த தமிழரின் வழித்தோன்றல்கள். 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் ஆலயம் அவர்களுடையது. இன்றும் சைவ சமயம் தழைக்கிறது; பொங்கலும் தீபாவளியும் தவறுவதில்லை. தமிழ்ப் பேச்சு மட்டும் பல தலைமுறைக்கு முன்பே நின்றுவிட்டது. வீட்டில் மலாய்தான். மொழியை யாரும் அவர்களிடமிருந்து பறிக்கவில்லை. பயன்பாடு குறைந்தது, பிறகு தேவை குறைந்தது, பிறகு நின்றது. "கோயில் இருக்கிறது, பண்டிகை இருக்கிறது, தமிழ் தானாக வந்துவிடும்" என்போர் இதைச் சிந்திக்க வேண்டும்.

சிங்கப்பூரைக் குறைத்துக் கூறுவது என் நோக்கமன்று. அந்நாடு தமிழுக்குச் செய்திருப்பது சிறிதன்று. 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு இன்றும் வெளிவருகிறது. 2007 முதல் ஆண்டுதோறும் தமிழ்மொழி விழா நடக்கிறது. தேசிய நூலகத்தில் தமிழ் நூல்களுக்குத் தனி இடம் உண்டு. அங்குள்ள தமிழாசிரியர்கள், வாரத்தில் சில மணி நேரத்தை வைத்துக்கொண்டு அந்தச் சிறுவனைப் பிழையின்றிப் படிக்க வைத்திருக்கிறார்களே, அவர்களை வணங்கவே வேண்டும். நமக்கு அரசுப் பலகையில் தமிழ் கிடைத்தால் நானும் மகிழ்வேன்.

ஆனால், பலகை மொழிக்கு மதிப்பைத் தரும். பேசும் வாயைத் தராது. 1816இல் பினாங்கில் தொடங்கிய தமிழ்க்கல்வி நமக்கு ஒரு வாய்ப்பைத் தந்திருக்கிறது. நீர் ஏன் கொதிக்கிறது, பின்னம் என்றால் என்ன, நிலா ஏன் தேய்கிறது என்று ஆறு ஆண்டுகள் தமிழில் கேட்டு, தமிழில் விடை பெறும் வாய்ப்பு அது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வெளியே இத்தகைய வாய்ப்பு வேறெங்கு இருக்கிறது? அதைத்தான் நாம் கைவிட்டுக்கொண்டிருக்கிறோம். 2009 அளவில் ஓர் இலட்சத்தைத் தாண்டியிருந்த தமிழ்ப்பள்ளி மாணவர் எண்ணிக்கை, இப்போது ஏறத்தாழ எண்பதாயிரமாகச் சுருங்கிவிட்டது. பிறப்பு குறைந்ததும் ஒரு காரணம்தான். ஆனால், அது மட்டுமே காரணம் என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம்.

இப்போது, முன்பு சொல்லாமல் விட்ட காரணத்தைச் சொல்கிறேன். நானும் என் இளைய மகனைச் சீனப்பள்ளியில் சேர்த்தவள்தான். மூத்தவள் தமிழ்ப்பள்ளியில் படித்தாள். இளையவனுக்கு மூன்றாவது மொழி கிடைக்கட்டும், வீட்டில் நான் தமிழ் சொல்லிக் கொடுத்துக்கொள்கிறேன் என்று எண்ணினேன். சொல்லியும் கொடுத்தேன். அவன் தமிழ் படிப்பான். என்னோடு தமிழில்தான் பேசுவான். ஆனால், பாடத்தில் ஐயம் வந்தால் வேற்று மொழிக்கு மாறிவிடுவான். சோறு, தூக்கம், விளையாட்டு ஆகியவற்றுக்குத் தமிழ். சிந்தனைக்கு வேறு மொழி. காத்தோங்கில் அந்தச் சிறுவன் தாயிடம் ஆங்கிலத்தில் கேட்டபோது என் மகனைத்தான் நான் கண்டேன். தமிழ்ப்பள்ளியில் ஊதியம் பெற்றுக்கொண்டு தம் பிள்ளையை வேறு பள்ளிக்கு அனுப்பும் ஆசிரியரைப் பெற்றோர் எப்படி நம்புவர்? என்னைப் போன்றோர் விடை சொல்ல வேண்டிய கேள்வி இது.

ஆசிரிய நண்பர்களே, நம் வகுப்பறையைப் பார்ப்போம். பயிற்சித்தாளை நிரப்பச் சொல்லி அமைதியாக உட்கார வைத்தால், நம் மாணவனும் படிப்பான், கேட்க மாட்டான். பிறகு நமக்கும் பலகைக்கும் என்ன வேறுபாடு? நாள்தோறும் ஒரு பாடவேளையிலாவது மாணவர் தமிழில் கேள்வி கேட்கட்டும். விடை தெரியாவிட்டால் மறுநாள் சொல்வோம்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை எந்தப் பள்ளியில் படித்தாலும் சரி, அடுத்த முறை வெளியூர் செல்லும்போது ஒன்று செய்யுங்கள். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து, கண்டதைத் தமிழில் பேசுங்கள். இங்கு கடல் ஏன் இல்லை, இந்த வீட்டுக்கு ஏன் இத்தனை வண்ணம் என்று பிள்ளை கேட்டால் தமிழிலேயே மறுமொழி சொல்லுங்கள். சொல் தெரியாவிட்டால் இருவரும் சேர்ந்து தேடுங்கள்.

விடுமுறை முடிந்ததும் அந்தத் தந்தையைத் தொலைபேசியில் அழைத்து இவற்றையெல்லாம் சொன்னேன்; என் மகன் செய்தியையும் மறைக்காமல் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வீட்ல பேசிட்டுச் சொல்றேன் டீச்சர்" என்றார். முடிவு அவருடையது. அவர் மகள் எந்தப் பள்ளிக்குச் சென்றாலும் என் மாணவனின் தங்கைதான். ஆனால், எங்கள் முதலாம் ஆண்டு வகுப்பில் அவளுக்கு ஒரு நாற்காலி இருக்கிறது. அவள் கேட்கப்போகும் கேள்விகளுக்காக நான் காத்திருக்கிறேன்.