அன்றாடம் அரைப் பக்கம்



இரு மாதங்களுக்கு முன் நம் பங்கின் முதுபெரும் உபதேசியாரை நல்லடக்கம் செய்தோம். அவருக்கு வயது 91. பழைய ஓட்டுக்கோவில் புயலில் சரிந்த இரவில் மணியை இறக்கிக் காத்தவர்கள் யார், எந்த வீட்டுத் திண்ணையில் அது ஓராண்டு கிடந்தது என்பதையெல்லாம் நேரிற்கண்டு சொல்லத்தக்கவர் அவர் ஒருவரே எஞ்சியிருந்தார். "சாமி, ஒரு நாள் உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு மறதி தட்டுகிறது" என்று மும்முறை நம்மிடம் சொன்னார். மும்முறையும், "திருவிழா முடியட்டும், ஐயா" என்றோம். குழியில் மண்ணிட்டபோது, அவரோடு எதையெல்லாம் சேர்த்துப் புதைக்கிறோம் என்னும் எண்ணம் நெஞ்சை அறுத்தது.

பங்கின் வரலாற்றை எழுதுவதென 2017-ஆம் ஆண்டிலேயே உறுதி பூண்டோம். 400 பக்கக் குறிப்பேடு ஒன்றும் வாங்கினோம். ஓராண்டில் பத்து அதிகாரங்கள் என்பது திட்டம். முதற்பக்கத்தில் சிவப்பு மையில் தலைப்பு. இரண்டாம் பக்கத்தில் பொருளடக்கம். மூன்றாம் பக்கம் முதல் வெண்மையோ வெண்மை. இராமபாணப் பூச்சிகள் தவிர வேறெவரும் அவ்வேட்டில் உழைத்ததாகத் தெரியவில்லை.

கேட்டவர்க்கெல்லாம் நேரமில்லை என்றே விடை கூறி வந்தோம். அது பொய்யன்று. திருப்பலி, நோயாளர் சந்திப்பு, பள்ளிக் கணக்கு, இரு வீட்டாரின் வரப்புத் தகராறு என்று பங்குத்தந்தையின் பொழுது கழிந்துவிடும். ஆயினும் நாம் காத்திருந்தது ஒரு முழு நாளுக்கு. இடையூறில்லாத முழு நாள் பங்குத்தந்தைக்கும் வாய்ப்பதில்லை. பிள்ளைகுட்டியுள்ள இல்லத்தாருக்கும் வாய்ப்பதில்லை.

அடக்கத்தின் மறுநாள், குருமடத்தில் ஆங்கிலம் பயின்ற காலத்தில் படித்த தன்வரலாறு ஒன்றைத் தேடி எடுத்தோம். ஆந்தனி டிரோலப் என்னும் ஆங்கில நாவலாசிரியர் எழுதியது. அவர் 1882-இல் இறந்தபின், 1883-இல் வெளிவந்தது. வாழ்நாளில் 47 நாவல்கள் எழுதிய இவர், 1834 முதல் 1867 வரை அஞ்சல் துறையில் உத்தியோகம் பார்த்தவர். தெருவோரத்தில் தபால் பெட்டி வைக்கலாம் என்று யோசனை கூறி, 1852-இல் ஜெர்சித் தீவில் அது நிறுவப்படக் காரணமானவரும் இவரே.

இலண்டனுக்கு வடக்கே வால்தம் கிராஸ் என்னுமிடத்தில் குடியிருந்தபோது, காலை 5.30 மணிக்கு மேசைமுன் அமர்ந்துவிடுவார். முதல் அரைமணி நேரம், முன்பு எழுதியதைப் படித்தல். பிறகு கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால்மணிக்கு 250 சொற்கள். மாணாக்கராயிருந்தபோது இதைப் படித்து நகைத்தோம். ஆலையில் நூல் நூற்பது போலிருக்கிறதே என்றோம். இம்முறை நம் கண்ணிற் பட்டது வேறொன்று. எழுதிய பக்கங்களை அவர் அன்றன்றே ஒரு குறிப்பேட்டில் பதிந்து வந்தார். வாரத்திற்குச் சராசரி 40 பக்கம். 20-க்கு இறங்கியதும் உண்டு, 112-க்கு ஏறியதும் உண்டு. அலுவல் மிகும் வாரத்திற்கு அளவைத் தாமே குறைத்து வகுத்துக்கொண்டார். ஆனால் பதிவதை மட்டும் விடவில்லை. அந்தக் கால்மணிக் கணக்கு அவருடைய ஆற்றலுக்கு உரியது; நமக்கு ஆகாது. இந்த வாரக் கணக்கோ எவருக்கும் ஆகும்.

அதிகாலையில் காப்பி கொண்டுவந்து அவரை எழுப்பிய பணியாளுக்கு ஆண்டுக்கு 5 பவுன் கூடுதலாகக் கொடுத்தாராம். தம் வெற்றிக்காகப் பிறரெவரையும்விட அப்பணியாளுக்கே கடன்பட்டிருக்கக்கூடும் என்றும் எழுதுகிறார். ஒருவர் எழுத வேண்டுமாயின் இன்னொருவர் அடுப்பு மூட்ட வேண்டியிருக்கிறது!

அவருடைய தாயார் பிரான்சிஸ் அம்மையாரின் கதை இதனினும் பெரிது. கடன்தொல்லையால் குடும்பம் 1834-இல் பெல்ஜியம் நாட்டுப் புரூஜ் நகருக்குப் பெயர்ந்தது. காசநோயால் வாடிய மகனையும் பிணியுற்ற கணவரையும் பராமரித்துக்கொண்டே, குடும்பத்தின் சோற்றுக்காக அம்மையார் நாவல் எழுதினார். மகன் அவ்வாண்டிலேயே இறந்தார், கணவர் 1835-இல். முதல் நூல் 1832-இல் வெளிவந்தபோதே அம்மையார் ஐம்பதைக் கடந்திருந்தார். பின்னும் எழுதி, ஏறத்தாழ நாற்பது நூல்களைத் தந்தார். காலை நான்கு மணிக்கே மேசைக்கு வந்து, உலகம் விழிக்குமுன் வேலையை முடித்துவிடுவார் என்று மகன் நினைவுகூர்கிறார்.

இதைப் புகழ்ந்துவிட்டுப் போவது எளிது. நம் இல்லத்துத் தாய்மார் எதையேனும் எழுத விரும்பினால், உறக்கத்தைத்தான் விலையாகக் கொடுக்க வேண்டுமா? வெளிநாட்டிலுள்ள மகனுக்கு ஒரு நீண்ட கடிதம், தம் தாய் சொன்ன கதைகள், குடும்பத்தின் பழைய செய்திகள் என்று அவர்களிடமும் எழுதத்தக்கவை நிறைய உண்டு. வாரத்தில் இரு நாள் கணவன்மார் பிள்ளைகளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பினால், அரைமணி தானே கிடைக்கும். காப்பியும் அவர்களே போட்டுத் தரலாம்; 5 பவுன் கேட்க வேண்டியதில்லை.

நாமும் கணக்கைச் சுருக்கினோம். பத்து அதிகாரங்கள் போயின. காலைத் திருப்பலிக்கும் உணவுக்கும் இடையே அரைமணி. அதில் அரைப் பக்கம். வாரத்திற்கு ஆறு நாள், மூன்று பக்கம். செய்தித்தாள் படிப்பது மாலைக்குத் தள்ளிப்போயிற்று. மரணம், நோயிற்பூசுதல் ஆகிய இரண்டிற்குமன்றி அந்நேரம் கதவைத் தட்ட வேண்டாமெனக் கோவிற்பிள்ளையிடம் சொல்லிவைத்தோம். முதல் வாரம் 3 பக்கங்கள். இரண்டாம் வாரம் ஒன்றரை. மூன்றாம் வாரம் இரு மரணங்களும் ஒரு திருமணமும் வந்தன. அரைப் பக்கமே தேறியது. முன்னைய நாமாயிருந்தால் அன்றோடு ஏட்டை மூடியிருப்போம். அவ்வரையையும் பதிந்தோம். நான்காம் வாரம் 4. ஆக ஒன்பது பக்கங்கள். அவற்றுள் இரண்டு கிழித்தெறியத்தக்கவை.

மணியைக் காத்தவர்களின் பெயர்களுக்காக ஐந்தாம் பக்கத்தில் இடம் விட்டிருக்கிறோம். உபதேசியாரின் துணைவியாருக்கு வயது 86. கணவர் வாயிலாகக் கேட்ட இரு பெயர்கள் அவருக்கு நினைவிருக்கின்றனவாம். வரும் புதன்கிழமை காலையில் அந்த அரைமணியை அவர் வீட்டுத் திண்ணையில் கழிக்கவிருக்கிறோம்.