ஜோஷ் கிப்சன்: பிந்தி வந்த கணக்கு

பேஸ்போலில் கெட்சர் என்பவர் கிரிக்கெட்டின் விக்கெட் காப்பாளரைப் போன்றவர். பிட்ஸ்பேர்க் உருக்காலைத் தொழிலாளி ஒருவரின் மகனான ஜோஷ் கிப்சன், 1930இல் தன் 18 வயதில் ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணிக்குக் கெட்சராக வந்தார். மேஜர் லீக் அப்போது கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை. 1947 ஜனவரியில் கிப்சன் இறந்தார். மூன்று மாதங்களில் ஜாக்கி ரொபின்சன் அந்தத் தடையை உடைத்தார்.

2024 மே மாதம், கறுப்பின லீக்குகளின் பதிவுகளை மேஜர் லீக் தன் கணக்கில் சேர்த்தது. கிப்சனின் .372 துடுப்பாட்டச் சராசரி, டை கொப்பின் .367ஐ முந்தி முதலிடம் பெற்றது.

இதைப் பெருந்தன்மை என்று நான் எழுதமாட்டேன். அந்த ஆட்ட விவரங்களை அன்றே அச்சிட்டு வைத்தவை பிட்ஸ்பேர்க் கூரியர் போன்ற கறுப்பினத்தவரின் பத்திரிகைகள். அவை இல்லையென்றால் இன்று சேர்ப்பதற்குக் கணக்கே இருந்திராது. மறுக்கப்பட்டவர்கள் எழுதிவைத்ததால்தான் மறுத்தவர்கள் திருத்த நேர்ந்தது.