சினத்துக்கு ஒரு கணக்கு

சினம் தீது என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வள்ளுவர் வெகுளாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். வீட்டிலே பெரியவர்கள், "அடக்கிக்கொள்" என்றார்கள். விடுதிக்கு வந்த பின் நண்பர்கள், "மனத்திலே வைத்துக்கொள்ளாதே, கொட்டித் தீர்த்துவிடு" என்கிறார்கள். அடக்குவதா, கொட்டுவதா? இந்த இரண்டு வழிகளே உண்டு என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. அதன் பெயர் கணக்கு.

ஊரைவிட்டு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், தில்லியில் வந்து படிக்கும் நமக்குச் சினம் கொள்ளக் காரணங்களுக்கா பஞ்சம்? நம் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறான் ஒருவன். தமிழன், மலையாளி, தெலுங்கன் என்ற வேறுபாடு அறியாமல் எல்லோரையும் 'மதராசி' என்று ஒரே மூட்டையில் கட்டுகிறான் மற்றொருவன். மதராஸ் மாநிலம் 1969-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு ஆகிவிட்டது. அந்தச் செய்தி இன்னும் அவனுக்கு வந்து சேரவில்லை! ஆராய்ச்சி மாணவனுக்கு உதவித்தொகை வரவேண்டிய மாதத்தில் வருவதில்லை. இத்தனையையும் சுமந்துகொண்டு இரவு மெஸ்ஸுக்குள் நுழைந்தால், அங்கே குழைந்த சோறும் வேகாத ராஜ்மாவும் காத்திருக்கின்றன. பலர் செய்வதென்ன? இரண்டு வாய் உண்கிறார்கள். "இதுவும் ஒரு சாப்பாடா?" என்று தட்டைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு நடக்கிறார்கள். சினம் கொட்டியாயிற்று. ஆனால், தீர்ந்ததா?

தீராது என்கிறது உளவியல். 2002-ஆம் ஆண்டில் பிராட் புஷ்மன் என்ற அமெரிக்க அறிஞர், 600 கல்லூரி மாணவர்களைக் கொண்டு செய்த ஆய்வொன்றை வெளியிட்டார். மாணவர்கள் எழுதிய கட்டுரையைக் கடுமையாகப் பழித்து முதலில் அவர்களுக்குச் சினமூட்டினார்கள். பிறகு சிலரை, பழித்தவனை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தச் சொன்னார்கள். சிலரைச் சும்மா உட்கார வைத்தார்கள். முடிவு என்ன? பழித்தவனை நினைத்துக் குத்தியவர்களுக்கே சினம் மிகுந்திருந்தது. சும்மா இருந்தவர்கள் அவர்களைவிட அமைதியாக இருந்தார்கள். கொட்டுவது தீயை அணைப்பதன்று, விறகிடுவது என்பது இதனால் விளங்கவில்லையா?

சரி, நாம் கவிழ்த்த தட்டு எங்கே போகிறது? மெஸ் நடத்துபவரை அது தொடுவதில்லை. அவர் கணக்கில் நாம் உண்டோம், பணம் கொடுத்தோம், அவ்வளவே. தில்லியின் குப்பை ஆண்டாண்டாகச் சென்று சேர்ந்த மேடுகள் மூன்று: காசிப்பூர், ஓக்லா, பல்ஸ்வா. காசிப்பூர் மேடு 1984-இல் தொடங்கியது, 2002-லேயே நிரம்பிவிட்டது. அதன் பின்னும் குப்பை கொட்டுவது நிற்கவில்லை. 2019 வாக்கில் அதன் உயரம் ஏறத்தாழ 65 மீட்டர்; குதுப் மினாரின் உயரமோ 73 மீட்டர். 2017 செப்டம்பரில் அந்த மேட்டின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. சாலையில் சென்ற வண்டிகள் கால்வாயில் தள்ளப்பட்டன, இருவர் மாண்டனர். உணவுக் கழிவு காற்றின்றி அழுகும்போது மீத்தேன் பிறக்கிறது. நூறு ஆண்டு அளவில் கணக்கிட்டால், அது கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைத் தேக்கும். மேட்டில் தீப்பற்றுவதற்கும் அதுவே துணை. அந்தப் புகையை மூச்சாக இழுப்பவர்கள் மேட்டின் அடியில் குடியிருக்கும் ஏழைகளும் குப்பை பொறுக்கும் சிறுவர்களும் ஆவர். நம் சினம் யார்மேல் எழுந்தது, யார் தலையில் விழுந்தது!

இன்னும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 300 பேர் உண்ணும் விடுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வேளைக்கு ஒரு பிடி, அதாவது 50 கிராம் சோறு, மிச்சம் வைக்கிறார். வேளைக்கு 15 கிலோ. இரு வேளைக்கு 30 கிலோ. சோற்றில் மூன்றில் இரு பங்கு நீர் என்று கழித்தால், நாளொன்றுக்கு 10 கிலோ அரிசி. ஒரு கிலோ அரிசி விளைய ஏறத்தாழ 2,500 லிட்டர் நீர் வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பு. ஆக, ஒரு விடுதியின் தொட்டியில் நாள்தோறும் 25,000 லிட்டர் நீர்! காவிரியில் நீர் விடவில்லை என்றால் கொதித்து எழுகிறோம், எழ வேண்டியதுதான். பஞ்சாபிலும் அரியானாவிலும் நெல்லுக்காக நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போகிறதே, அந்த நீரைக் கைகழுவும் இடத்தில் கவிழ்ப்பதற்கு நமக்கு என்ன உரிமை?

சினத்தைக் கணக்காக்கிய தமிழர் ஒருவரை இங்கே நினைத்துக்கொள்ள விரும்புகிறேன். 1892-இல் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா, நம்மைப்போல் ஊரைவிட்டு வெளியே சென்று வாழ்ந்தவர். லண்டனில் கணக்குத் துறை பயின்று பம்பாயில் தொழில் நடத்தினார். பின்பு அமெரிக்கா சென்று கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் பொது நிதியை ஆராய்ந்தபோது, வெள்ளையர் ஆட்சி இந்நாட்டை எப்படி வறுமையாக்கிற்று என்பது அவருக்கு எண்களில் தெரிந்தது. அவர் முன்கோபி என்று பெயர் பெற்றவர். ஆயினும் அந்தச் சினத்தை மேடையில் மட்டும் கொட்டிவிட்டுப் போகவில்லை. குஜராத் வித்யாபீட மாணவர்களை அழைத்துக்கொண்டு மாதர் வட்டத்து ஊர்களுக்குச் சென்றார். உழவனின் வரவென்ன, செலவென்ன, வரி போக மிஞ்சுவதென்ன என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினார். 1931-இல் அது நூலாயிற்று. 'வறுமை' என்று கூச்சலிட்டால் மறுத்துப் பேசலாம். வரவு செலவுப் பட்டியலை எப்படி மறுப்பது?

1942 போராட்டத்தின் பின் சிறையிலிருந்தபோது அவர் எழுதிய 'நிலைத்த பொருளாதாரம்' பற்றிய நூல் 1945-இல் வெளிவந்தது. நிலக்கரியும் எண்ணெயும் எடுக்க எடுக்கக் குறையும் இருப்பு. ஆண்டுதோறும் வளரும் காடும் பயிரும் வற்றாத வரவு. வரவைக் கொண்டு வாழ்பவன் நிலைப்பான், இருப்பைத் தின்பவன் சண்டையில் முடிவான் என்பது அதன் சாரம். இன்று உலகம் பேசும் நீடித்த வாழ்க்கைமுறையை, ஒரு தஞ்சாவூர்க்காரர் சிறைக்குள் அமர்ந்து அன்றே எழுதிவிட்டார். தில்லியில் படிக்கும் தமிழ் மாணவர்களில் எத்தனை பேர் அவர் பெயரையாவது அறிவார்கள்?

"உலகப் பணக்காரர்கள் விமானத்தில் எரிக்கும் எண்ணெய்க்கு முன் என் ஒரு பிடி சோறு எம்மாத்திரம்?" என்று கேட்கும் நண்பர் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால், 2022-இல் உலகில் வீணான உணவு 105 கோடி டன் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் மதிப்பிட்டிருக்கிறது. அதில் பெரும்பகுதி தொழிற்சாலையில் வீணானதன்று. வீடுகளில், பிடி பிடியாக வீணானது. "கணக்கெழுதுவது கோழையின் வேலை" என்பார் இன்னொரு நண்பர். அப்படியன்று. நம்மை இழித்துப் பேசியவனை விட்டுவிடச் சொல்லவில்லை. நாள், இடம், சொன்ன சொல், கேட்டவர் யார் என்று எழுதி, நால்வராகச் சேர்ந்து பல்கலைக்கழகத்திடம் கொடுப்போம். கைகலப்பில் முடிந்த சினம் மறுநாள் நம்மையே குற்றவாளியாக்கும். எழுதிவைத்த சினமோ அவனைப் பதில் சொல்ல வைக்கும்.

ஆகையால், தோழர்களே, தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் கூடும் நாம், ஒரே ஒரு வாரம் மெஸ் வாசலில் ஒரு தராசு வைப்போம். சோறு ஒரு வாளி, ரொட்டி ஒரு வாளி, குழம்பும் காயும் ஒரு வாளி. நாள்தோறும் நிறுத்து, எந்த நாள் எந்தப் பண்டம் மிகுதியாக மிஞ்சியது என்று சுவரில் எழுதி ஒட்டுவோம். வார முடிவில் அந்தத் தாளோடு மெஸ் குழுவிடம் செல்வோம். "சாப்பாடு மோசம்" என்றால் அவர்கள் சிரிப்பார்கள். "செவ்வாய் இரவு ராஜ்மாவில் பாதி தொட்டிக்குப் போயிற்று, இதோ எடை" என்றால் கேட்டே ஆகவேண்டும். ஏனெனில் அது அவர்கள் பணமும் ஆகும். மிஞ்சும் கழிவை முடிந்தவரை தம் வளாகத்திலேயே உரமாக்க வேண்டும் என்று, நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் கழிவு உண்டாக்கும் நிறுவனங்களுக்கு 2016-ஆம் ஆண்டு விதிகள் சொல்லின. அதையும் நம் எடைச்சீட்டைக் காட்டிக் கேட்கலாம்.

அந்த ஒரு வாரத்தில் நம் தட்டிலும் ஒரு மாற்றம் நேரும். நிறுக்கப்படும் என்று தெரிந்தவன் அளந்து வாங்குவான். அளந்து வாங்குபவன் கவனித்து உண்பான். விழிப்போடு வாழ்வது என்று பெரியோர் சொல்வதற்கு எனக்குத் தெரிந்த பொருள் இதுதான். சினம் வரட்டும், வராதவன் மரக்கட்டை. வரும்போது கையில் ஒரு தாளும் எழுதுகோலும் இருக்கட்டும்.