ஆமை தலையில் ஏற்றிய பழி

நோட்டன் பிரிட்ஜில் எனக்குத் தெரிந்த வீடொன்றில் போன கிழமை பெரிய பஞ்சாயத்து. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் கொஸ்கொடை ஆமைக் காப்பகத்துக்குப் போன பையன், உள்ளங்கையில் ஆமைக்குஞ்சோடு எடுத்த படத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டான். அப்பாயி கழற்றச் சொல்லிவிட்டார். "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுடா." ஆமைகூட இல்லை ஐயா, படம்! அதே வீட்டில், காசு சேரட்டுமென்று ஹட்டனில் வாங்கிய பித்தளை ஆமை சாமித் தட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. பித்தளையில் செய்தால் லட்சுமி, உயிரோடு இருந்தால் மூதேவியா?

நான் கேட்பது ஒன்றுதான். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தை லயத்துக்குள் எந்த ஆமை புகுந்தது? புகுந்தது சரிந்த மலை. அமீனாவாவது கோர்ட்டுக் கடதாசியோடு வருவார். மலை அதுவுமில்லாமல் வந்தது.

உருப்படாமல் போகிற வீட்டைப் பார்க்க வேண்டுமானால் கடற்கரைக்குப் போங்கள். தாய் ஆமை இரவில் கரையேறி, பின்னங்கால்களால் குழி பறித்து, நூறு முட்டை அளவில் இட்டு, மணலைத் தள்ளி மூடிவிட்டுப் போய்விடும். குஞ்சு ஆணா பெண்ணா என்பது மணலின் சூட்டைப் பொறுத்தது. 29 பாகை செல்சியஸ் வாக்கில் இரண்டும் கலந்து பொரிக்கும். அதற்கு மேல் ஏற ஏறப் பெண்தான். அவுஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டின் வடபகுதியில் பொரித்த பச்சை ஆமைகளில், இளசுகளில் 99 வீதம் பெண் என்று 2018இல் ஆய்வு வெளியானது. மாப்பிள்ளைக்கு எங்கே போவது? சூடு இன்னும் கூடினால் முட்டையே அழியும். கடல் ஏறினால் குழி போட மணல் இராது. இலங்கைக் கரைக்கு வருகிற ஐந்து இனங்களுக்கும் இதே கதிதான். கடலாமைக்கு மட்டுமில்லை, வங்கத்துச் சுந்தரவனச் சதுப்பில் வாழும் பட்டாகூர் ஆமையையும் முட்டைக்கும் இறைச்சிக்கும் பிடித்தே ஏறக்குறைய முடித்துவிட்டார்கள். மிச்சத்துக்குக் கடல் ஏறிக்கொண்டிருக்கிறது.

"மலையில் இருக்கிற நமக்கு என்ன?" என்பார்கள். நோட்டன் அணைத் தண்ணீர் லக்ஷபானவில் மின்சாரமாகி, களனி கங்கையோடு கொழும்பில்தான் கடலில் விழுகிறது. நாம் வீசும் லஞ்ச் ஷீற்றும் கூடவே போகிறது. 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் சரக்குக் கப்பல் எரிந்து மூழ்கிய பிறகு ஆமைகள் செத்துச் செத்துக் கரையொதுங்கினவே, அவை எந்தக் கப்பலுக்குள் புகுந்து அதைக் கெடுத்தன?

மறுபடியும் மீரியபெத்தைக்கே வருகிறேன். அந்த இடம் ஆபத்து என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். எழும்பிப் போக இடம்? வெள்ளைக்காரன் கட்டிய காம்பரா, கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்ட மலை, பலருக்கு இன்னும் ஏட்டில் மட்டும் இருக்கிற துண்டுக் காணி. இன்றைக்கும் மழை வலுத்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட மண்டபத்துக்கு ஓடுகிறோம். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் காணி உறுதி எங்கே என்று கேட்டால், அடுத்த தேர்தலுக்கு முதல் கட்டாயம் தருகிறோம் என்கிறார்கள். அவர்களை வாசற்படியில் மாலை போட்டு உள்ளே கூப்பிடுகிறோம். அப்பாயிதான் ஆரத்தி எடுப்பது.